பலகையில் ஏறிய ஊத்து

என் தம்பியை மண்ணுக் களவாணி என்று முதலில் சொன்னவர் போலீஸ்காரரும் இல்லை, தாசில்தாரும் இல்லை. எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர். வைது சொல்லவில்லை. டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, "என்னப்பா களவாணி, டிராக்டர் எப்பத் திரும்பி வருது?" என்று சிரித்தபடி கேட்டாராம். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். தம்பி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டான். அதற்குப் பிறகு சாயல்குடிக்குப் போகவேண்டுமென்றால்கூட அந்தக் கடை வழியாகப் போகமாட்டான். காட்டுப் பாதையில் சுற்றித்தான் போவான்.

நடந்தது இவ்வளவுதான். அய்யா விட்டுப்போன ஐந்து ஏக்கர் மேட்டுப் புஞ்சை எனக்கும் தம்பிக்கும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. கீழே இருக்கும் எங்கள் இன்னொரு காட்டில் மிளகாய் விளையும். இந்த மேட்டில் சீமைக்கருவேலத்தைத் தவிர எதுவும் வராது. ஆனால் மண் நல்ல சவுடு. வீட்டுக்கு அஸ்திவாரம் கட்டிவிட்டு உள்ளே நிரப்புவதற்கு இதைவிட நல்ல மண் எங்கள் பக்கத்தில் கிடைக்காது. வீடு கட்டிய உறவுக்காரர் ஒருவர் கேட்டார் என்று தம்பி தன் டிராக்டரில் பத்து நடை அடித்துக் கொடுக்கப் போனான். மூன்றாவது நடையில் வருவாய்த் துறை ஜீப் மறித்தது. பெர்மிட் எங்கே என்று கேட்டார்கள். அவன் பட்டாவை எடுத்து நீட்டியிருக்கிறான்.

சொந்த நிலத்து மண்ணுக்குப் பட்டா போதும் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் சுற்றுவட்டாரமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. நிலத்தின் மேல் விளைவதை நாம் அறுத்துக்கொள்ளலாம், அடியில் இருக்கும் மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றச் சர்க்காரிடம் கேட்கவேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிடித்துக்கொண்டுபோன டிராக்டர் மூன்று வாரம் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றது. அபராதம் கட்டிய பிறகு காக்கை எச்சத்தோடு அதை ஓட்டிக்கொண்டு வந்து தம்பி மாட்டுக் கொட்டத்துக்குள் விட்டான். விட்டவன் தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உள்ளூரிலேயே என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அதற்கு நல்ல பெயர் கிடையாது. ஆனால் அந்தத் தார்ப்பாயைப் பார்த்த அன்றைக்கு வந்த கோபம் வேறு மாதிரி. கத்தவேண்டும் என்று தோன்றவில்லை. "ஏலே, லைசென்ஸ் எடுப்போம். எழுத்துல வாங்குவோம். அப்புறம் எவன் சொல்றான்னு பாப்போம்" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பெரிய குவாரிக்காரங்க வேலை, அக்கா" என்றான்.

பெரிய குவாரிக்காரர்கள் வேலைதான். ராமநாதபுரத்தில் கலெக்டர் ஆபீசில் கனிமவளப் பிரிவுக்குப் போன முதல் நாள், வரிசையில் இருந்த எல்லோரும் வெள்ளைச் சட்டையும் இரண்டு போனுமாக இருந்தார்கள். சேலை கட்டி, மஞ்சள் பையோடு போனது நான் ஒருத்திதான். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர். "யாருக்கும்மா லைசென்ஸ்?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை கேட்டார். நானும் மறுபடியும் சொன்னேன்.

அவர்தான் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். மண் வெட்ட உரிமம் கொடுப்பதற்கு முன்னால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவேண்டும். அதைச் சென்னையில் ஒரு நிபுணர் குழு பார்க்கும். அந்தக் குழுவுக்குப் போவதற்குச் சுரங்கத் திட்டம் வேண்டும். ஐந்து ஏக்கர் கருவேலங்காட்டுக்குச் சுரங்கத் திட்டமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு ஆழம் வெட்டுவீர்கள், வெட்டிய குழியை என்ன செய்வீர்கள், சுற்றிலும் வீடு, கோயில், தண்ணீர் என்னென்ன இருக்கிறது, எல்லாவற்றையும் அதில் எழுதவேண்டும். அதை எழுதத் தகுதியுள்ள ஒருவரை மதுரையில் பிடித்தோம். சின்ன வயசுப் பொறியாளர். கழுத்தில் கேமரா, கையில் செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் கருவி. வேலையில் சுத்தம். அவரை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன்.

அவர் வந்தது கார்த்திகை மாதம். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் ஊத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சித்திரை பிறந்தால் ஊரணி காய்ந்துவிடும். குழாயில் தண்ணீர் அது நினைத்தபோது வரும். கடல் பக்கத்தில் இருப்பதால் எங்கே போர் போட்டாலும் உப்பு. எங்கள் மேட்டுப் புஞ்சையின் தென்மேற்கு மூலை மட்டும் சரிந்து பள்ளமாக இறங்கும். அங்கே மேலே சவுடு, ஆள் உயரத்துக்குக் கீழே மணல். மேட்டில் பெய்த மழை இறங்கி அந்த மணலில் வந்து தங்கும். கோடையில் ஊர்ப் பெண்கள் அங்கே குழி தோண்டித் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். அதுதான் ஊத்து. வீட்டுக்கு ஒன்றாகத் தோண்டிக்கொண்டு, ஆடு இறங்காமல் முள்ளைப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். நிலம் எங்களுடையது என்று நாங்கள் யாரையும் தடுத்ததில்லை, அவர்களும் எங்களிடம் கேட்டதில்லை. ஐப்பசி மழையில் குழிகள் தாமாகவே இடிந்து மூடிக்கொள்ளும். அப்புறம் இடம் இருந்த சுவடே தெரியாது. பட்டாவிலும் இல்லை, சர்வே படத்திலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஐப்பசி பிறந்ததிலிருந்து தைப்பொங்கல் வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் ஊத்து என்று வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் மழை கோபித்துக்கொண்டு போய்விடுமாம். நான் இத்தனை பேசுகிறேனே, நானும் சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளையில் கார்த்திகை மாதத்தில் வாய்தவறிச் சொல்லி அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

பொறியாளர் கருவியோடு நாலு மூலையும் நடந்து, கல் ஊன்ற இடம் குறித்தார். வேடிக்கை பார்க்க ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது, கடல் பக்கம் இன்னும் கறுத்துக் கிடந்தது. அவர் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தெளிவாகத்தான் கேட்டார்: "இந்த நிலத்துலயோ பக்கத்துலயோ குடிக்கத் தண்ணி எடுக்குற இடம் ஏதாவது இருக்காம்மா?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். பிறகு ஒருத்தி, "ஊரணி இருக்குல்ல, அங்கன" என்று தூரத்தில் கையைக் காட்டினாள். அவர் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்துத் திருப்தியோடு எழுதிக்கொண்டார். நிலத்துக்குள் நீராதாரம் இல்லை என்று அச்சாகி வந்த பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லவேண்டும் என்று எங்களில் யாருக்கும் எண்ணமில்லை. பெய்கிற மழையைக் கெடுத்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

நாலு மூலையிலும் சிவப்பும் வெள்ளையும் அடித்த கல் நின்றது. கிராம நிர்வாக அலுவலர் சான்று, வரைபடம், போட்டோ என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொரு காகிதம் வந்ததும் தம்பி கொஞ்சம் நிமிர்ந்தான். ஒருநாள் டிராக்டர்மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்துவிட்டு எண்ணெய் மாற்றினான். பங்குனிக் கடைசியில் பொறியாளர் போன் செய்தார். சித்திரையில் சென்னையில் குழு கூடுகிறது, நம் விண்ணப்பம் பட்டியலில் இருக்கிறது, சிக்கல் எதுவும் இல்லை என்றார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

மறுநாள் காலையில் மேட்டுப் பக்கம் போனேன். தென்மேற்குக் கல்லின் தலையில் குடத்துக்கு வைக்கும் சும்மாடு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கல்லுக்கு உள்பக்கம், எங்கள் வரைபடத்தில் முதல் வருடம் வெட்டுவதாக மஞ்சள் அடித்திருந்த இடத்தில், இடுப்பளவுக் குழியில் நின்று ஒரு பெண் மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய்ப் பழம் எடுக்க எங்கள் காட்டுக்கு வருகிறவள். கார்த்திகையில் ஊரணிப் பக்கம் கையைக் காட்டியவளும் அவள்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"இந்த வருசம் ஊரணி சீக்கிரமே வத்திப்போச்சுக்கா. அடுத்த வருசம் எங்கன தோண்ட? இங்கன நீங்க வெட்டிருவீகள்ல?"

குறையாகச் சொல்லவில்லை. வேறு இடம் நான் பார்த்துவைத்திருப்பேன் என்று நம்பித்தான் கேட்டாள். அந்த மூலையை வெட்டினால் ஊத்து இல்லை. மேட்டை இரண்டு மீட்டர் வழித்து எடுத்தாலும் மணலுக்கு வந்து சேரத் தண்ணீர் இல்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தேன். காகிதத்துக்கு அலைந்த அலைச்சலில் தை போன பிறகும் இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று வெட்கமாக இருந்தது.

தம்பியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு டிராக்டர் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"கண்டுக்காதக்கா. பேப்பர்ல இல்ல. யாரும் கேக்கப் போறதில்ல."

"ஊர் கேக்கும்லே."

"ஊரா? என்னையக் களவாணின்னு சொன்னது இந்த ஊருதானே? ஒண்ணரை வருசமா அலைஞ்சிருக்கோம். இப்பப் போய்த் தண்ணி இருக்குன்னு சொன்னா கிழிச்சுப் போட்ருவாய்ங்க. அப்புறம் நான் சாகுற வரைக்கும் களவாணிதான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதுதான் பயம். ஆனால் கையெழுத்துப் போட்டவள் நான். அவன் திருடவில்லை என்று காட்டத்தான் இந்தக் காகிதத்துக்கு அலைந்தேன். ஊத்தை மறைத்து வாங்கினால் அந்தக் காகிதத்தை எந்த முகத்தோடு அவன் கையில் கொடுப்பது? இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஊத்துக்குப் போய், அவள் குழியிலேயே சிரட்டையால் அள்ளி ஒரு பாட்டிலில் நிரப்பிக்கொண்டேன். தம்பி ரயிலடிக்கு வரவில்லை.

சென்னையில் நீளமான மேசை, சுவரில் பெரிய திரை. எங்கள் முறை வந்ததும் பொறியாளர் இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். எங்கள் கருவேலங்காடு திரையில் அழகாகத் தெரிந்தது. நடுவில் இருந்த பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இன்னும் ஒரு நிமிடம் போனால் முடிந்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. எழுந்து பாட்டிலை மேசைமேல் வைத்தேன்.

"அய்யா, அந்த இடத்துல தண்ணி இருக்கு. ஃபாரத்துல இல்லைன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அது தப்பு."

பொறியாளர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். குழுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். நிலத்தடி நீர் படித்தவராம். "அப்போ ஏன்மா இல்லைன்னு எழுதினீங்க?" என்று கேட்டார். படித்தவர்கள் பத்துப் பேர் நடுவில், மழைக்காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும் என்று நான் எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் சொன்னேன். பொறியாளர் வந்தது கார்த்திகை, எங்கள் ஊரில் தை வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"இப்போ சொல்லலாமா?" என்று கேட்டார்.

"இப்பச் சித்திரைங்கம்மா. இப்பத் தாராளமாச் சொல்லலாம்."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடலுக்கு இவ்வளவு பக்கத்துல உப்பே இல்லையே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். முடிவை ஒத்திவைத்தார்கள், நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பொறியாளர், "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்மா" என்றார் பாவமாக. "முடிஞ்சிருக்கும் சார். ஊத்தும் சேந்து முடிஞ்சிருக்கும்" என்றேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

தம்பி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வைகாசியில் அந்த அம்மாளும் இன்னொருவரும் வந்து இறங்கியபோதும் கொட்டத்து வாசலிலேயே நின்றான். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஊத்துக்குள் இறங்கி, சிரட்டை வாங்கி அள்ளிப் பார்த்தார். மேட்டில் மணல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெண்களுக்கும் மூலையைத் தவிர மற்ற இடம் தெரியாது. தம்பிக்குத்தான் தெரியும். மெதுவாக வந்தான். ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு மேடு முழுக்க அவர்களை நடத்திக் கூட்டிப்போனான். இங்கே ஒன்றரை ஆள் ஆழம், அங்கே ஓர் ஆள், கிழக்கே போகப் போக மணல் இல்லை, அடியில் களிமண்தான் என்று குத்திக் குத்திக் காட்டினான். அந்த அம்மாள் அவன் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். "நீங்க சொல்ற ஆழம் சரிதான் சார்" என்று இரண்டு தடவை சொன்னார். என் தம்பியை ஓர் அதிகாரி சார் என்று கூப்பிட்டு அதற்குமுன் நான் கேட்டதில்லை. அன்றைக்கு மாலையில், "அக்கா, காப்பி இருக்கா?" என்று கேட்டு வீட்டுக்குள் வந்தான்.

திட்டத்தைத் திருத்தி எழுதினோம். மறுபடி காத்திருந்தோம். ஆவணியில் அனுமதி வந்தது. ஐந்து ஏக்கரில் பாதிக்குமேல் போய்விட்டது. கிடைத்தது கிழக்குப் பக்கம் மட்டும், அதுவும் இரண்டு மீட்டர் கேட்டதற்கு ஒரு மீட்டர். ஏழு பக்க உத்தரவை வாங்கி நான் நேராக நிபந்தனைகளுக்குத்தான் போனேன். கோடைக்காலத்தில் ஊர் மக்கள் குடிநீருக்காகத் தோண்டும் ஊத்துகள் உள்ள தென்மேற்குப் பகுதியில் எந்தக் காலத்திலும் மண் எடுக்கக் கூடாது என்று அச்சில் இருந்தது. எங்கள் சர்வே எண்ணும் கூடவே இருந்தது. எந்தக் கணக்கிலும் இல்லாமல் இருந்த இடம் சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தை மிளகாய்க் காட்டுக்கு எடுத்துப்போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "எந்தக் காலத்துலயுமாக்கா?" என்று கேட்டு மறுபடி படிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை பெருமையோடு இன்னும் சத்தமாகப் படித்தேன்.

உரிமம் வந்து முதல் நடை ஓட்டிய அன்றைக்குத் தம்பி காட்டுப் பாதையை விட்டுவிட்டான். டீக்கடை வழியாகத்தான் போனான். ஒவ்வொரு நடைக்கும் வேண்டிய நடைச்சீட்டைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தான். யாராவது மறித்துக் கேட்கமாட்டார்களா என்று தேடிக்கொண்டே போயிருக்கிறான். ஒருத்தரும் மறிக்கவில்லை. கடைசியில் அவனே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ரோட்டில் நின்ற வருவாய் ஆய்வாளரிடம் போய், "சார், பெர்மிட் பாக்குறீகளா?" என்று கேட்டானாம். அவர் பார்த்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். டீக்கடைக்காரர் அன்றைக்கு டீ கொண்டுவந்து வண்டியிலேயே கொடுத்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

குவாரி வாசலில் பலகை வைக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. பச்சை அடித்து, வெள்ளை எழுத்தில் உரிமம், சர்வே எண், ஆழம் எல்லாம் எழுதவேண்டும். தம்பியே எழுதினான். ஊத்து வரியை மற்றவற்றைவிடப் பெரிதாக எழுதினான். புரட்டாசி வரைக்கும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஐப்பசி பிறந்தது. மேகம் கூடிக் கூடிக் கலைந்தது, ஒரு சொட்டு விழவில்லை. ஒருநாள் மத்தியானம் பெண்கள் சாக்கும் சணல் கயிறுமாக வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் அவளேதான்.

"அக்கா, தை வரைக்கும் அந்த வரிய மட்டும் மூடி வைப்போம். வாயால சொன்னாலே போயிரும். இது இம்மாம் பெரிசா எழுதி நிக்குது."

எனக்கு மறுக்க மனமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூரப் பயம்தான். சாக்கை வாங்கக் கை நீட்டிவிட்டேன். டிராக்டரிலிருந்து தம்பி இறங்கி வந்தான். ஊத்தைக் கண்டுகொள்ளாதே என்று பங்குனியில் சொன்னவன், பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"வேணாம்க்கா. ஒரு தடவ மூடித்தான் இம்புட்டும் பட்டோம். மழை கோவிச்சா நான் கேட்டுக்கிறேன். மூடி வச்சா மறுபடியும் நான் களவாணிதான்."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் வெயில் காய்ந்தது. ஊரில் பாதிப்பேர் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்தாம் நாள் காலையில் கடல் பக்கமிருந்து இறங்கிய மழை மத்தியானம் வரைக்கும் விடவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். தம்பி எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தான். தலையில் துண்டுகூட இல்லை. பலகையில் தெறித்திருந்த சேற்றைக் கையாலேயே வழித்துவிட்டுக்கொண்டு, கீழே பள்ளத்தில் குழிகள் இடிந்து மூடுவதைப் பார்த்தபடி, நடுமழையில், ஊர் கேட்க, "ஊத்து நிறையுதுக்கா!" என்று கத்தினான்.